டிங், ஙாய், யன்: ஹாங்காங்கில் கஷ்டத்தைச் சொல்லும் சொற்கள்

ஹாங்காங்குக்கு வேலைக்கு வரும் நம்மவர்களில் பெரும்பாலானோர் கான்டனீஸ் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. ஆங்கிலம் இருந்தால் போதும், காலத்தை ஓட்டிவிடலாம் என்கிறார்கள். ஓட்டலாம்தான். ஆனால் 2021 கணக்கெடுப்புப்படி இந்த ஊரில் சுமார் 88 விழுக்காடு பேர் அன்றாடம் பேசுவது கான்டனீஸ். மீட்டிங் ஆங்கிலத்தில் நடக்கும், மெயில் ஆங்கிலத்தில் போகும், மீட்டிங் முடிந்து லிஃப்ட் கதவு மூடிய அடுத்த நொடி நிஜப் பேச்சு கான்டனீஸில் ஆரம்பிக்கும். அதில் பாதி கஷ்டத்தைப் பற்றித்தான் இருக்கும். யாருக்கு எது தாங்கவில்லை, யார் எப்படிச் சமாளிக்கிறார், யார் தலையில் எது விடிந்தது. இது காதில் ஏறாவிட்டால் பக்கத்து மேசைக்காரர் என்ன நிலையில் இருக்கிறார் என்பதே நமக்குத் தெரியாமல் போகும்.

நான் வேலை பார்ப்பது க்வாய் சுங்கில், கப்பலில் கன்டெய்னர் புக் செய்து சரக்கு அனுப்பும் சின்ன நிறுவனம் ஒன்றில். ஜன்னல் பக்கம் போனால் கன்டெய்னர் துறைமுக முனையத்தின் கிரேன்கள் தெரியும். என்னைத் தவிர எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். கான்டனீஸை நான் வகுப்பில் கற்றதைவிட இவர்களுடைய புலம்பலில் இருந்து கற்றதுதான் அதிகம். அப்படிக் கற்றதில் எனக்குப் பிடிபட்ட விஷயம் இது: கஷ்டத்தைத் தாங்குவதற்கு இவர்கள் ஏகப்பட்ட சொல் வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான கஷ்டத்துக்கு. ஒருவர் எந்தச் சொல்லைப் போடுகிறார் என்று கவனித்தால், அவருக்கு இப்போது ஆறுதல் வேண்டுமா, கை கொடுக்க ஆள் வேண்டுமா, இல்லை சும்மா விட்டால் போதுமா என்று தெரிந்துவிடும்.

உச்சரிப்பு பற்றி முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கான்டனீஸில் ஆறு தொனிகள். இங்கே நான் தமிழ் எழுத்தில் எழுதுவது ஒரு குத்துமதிப்புதான், தொனி இதில் வராது. முறையாகப் படிக்க நினைத்தால் 1993-இல் ஹாங்காங் மொழியியல் சங்கம் உருவாக்கிய ஜ்யூட்பிங் முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தொனிக்கு ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டிருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும். ஒரு விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். அரிச்சுவடியில் எழுதிப் பழகியதோடு நாம் விட்டுவிட்ட ங இங்கே சொல்லின் முதலிலேயே வரும். வெள்ளைக்காரர்கள் அதைச் சொல்லத் திணறுவார்கள், நமக்கு 'அங்கே', 'இங்கே' சொல்லிப் பழகிய நாக்கு. உள்ளூர் இளைஞர்கள் பலர் அந்த ங-வை விழுங்கிவிட்டு வெறும் உயிரெழுத்தாகச் சொல்வார்கள், பெரியவர்கள் அதைச் சோம்பேறி உச்சரிப்பு என்று திட்டுவார்கள். நீங்கள் ங-வோடு சொன்னால் பெரியவர்கள் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும்.

சரி, டிங்கில் ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அலுவலகத்தில் காதில் விழுவதில் பாதி அதுதான். டிங் என்றால் உச்சி, உச்சந்தலை. வினையாக வரும்போது தலையால் தாங்கு, கீழே இருந்து முட்டுக் கொடு என்று பொருள். மேலே இருந்து ஒன்று அழுத்துகிறது, கொஞ்ச நேரம் தாங்கிப் பிடித்தால் ஆள் வந்துவிடும் அல்லது நேரம் கடந்துவிடும் என்கிற நிலைமைக்கு இது. கப்பல் கட்-ஆஃப், அதாவது சரக்கை ஒப்படைக்கும் கடைசி நேரம், மாலை ஆறு மணிக்கு என்றால், நாலு மணிக்கு ஒருவர் கிளம்பும்போது இருப்பவரைப் பார்த்து 'டிங் ஜ்யூ சீன்' என்பார். இப்போதைக்குத் தாங்கிப் பிடி என்று அர்த்தம். ஷிஃப்டில் ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் நிற்பது 'டிங் காங்'. டிங் கஷ்டம் எப்போதும் மற்றவரோடு பங்கு போட்டுக்கொள்ளக்கூடிய கஷ்டம். 'எனக்காகக் கொஞ்சம் டிங் பண்ணு' என்று கூசாமல் கேட்கலாம், கேட்பார்கள், பதிலுக்கு நீங்களும் கேட்கலாம்.

இங்கே புதிதாக வருபவர்கள் கட்டாயம் பிரித்தறிய வேண்டிய இரண்டு சொற்கள் உண்டு. 'டிங் ம் சொன்', 'டிங் ம் ஜ்யூ'. நடுவில் வரும் அந்த ம் தான் 'இல்லை'. இரண்டையும் 'தாங்க முடியவில்லை' என்று எடுத்துக்கொண்டால் போச்சு. டிங் ம் சொன் என்பது எரிச்சல். ஏசி ரொம்பக் குளிர், பக்கத்து சீட்டுக்காரர் ஸ்பீக்கரில் பேசுகிறார், வாடிக்கையாளர் அதே கேள்வியை ஐந்தாவது முறை கேட்கிறார், இதற்கெல்லாம் டிங் ம் சொன். சிரித்துக்கொண்டேகூடச் சொல்வார்கள், யாரும் அதற்கு எழுந்து வரமாட்டார்கள், தலையை ஆட்டினால் போதும். டிங் ம் ஜ்யூ என்பது வேறு. முட்டுக் கொடுத்த கை நடுங்குகிறது, விழப்போகிறது என்று பொருள். காய்ச்சலோடு உட்கார்ந்திருப்பவரும், நாலு பேர் வேலையை ஒற்றை ஆளாகப் பார்ப்பவரும் சொல்வது இது. இதைக் கேட்டால் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு அவரைப் பாருங்கள்.

உங்களுக்கும் இது உபயோகப்படும். மேலாளரிடம் வேலை அதிகம் என்று சொல்ல வேண்டுமானால் டிங் ம் சொன் என்று சொல்லாதீர்கள், அது 'உன்னோடு ஒரே ரோதனை' என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். 'யவ் டீ டிங் ம் ஜ்யூ', அதாவது கொஞ்சம் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்று சொல்லுங்கள். குறை சொல்கிறீர்கள் என்ற எண்ணம் வராது, நிலைமையை முன்கூட்டியே தெரிவிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். நான் அப்படிச் சொன்ன ஒரு மாதக் கடைசியில் மறுநாள் காலையே என் ஃபைல்களில் பாதி வேறு மேசைக்குப் போனது. அப்புறம், வெறும் 'டிங்!' என்று மட்டும் ஒருவர் சத்தமாகச் சொன்னால் அது தாங்குவதைப் பற்றியது இல்லை. அதைவிட மோசமான ஒரு கெட்ட வார்த்தைக்குப் பதிலாக அதைப் போடுகிறார்கள். நண்பர்களுக்குள் சரி, வயதானவர்கள் முன்னாலோ வாடிக்கையாளர் முன்னாலோ வாயில் வரக்கூடாது.

டிங் குடும்பத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'டிங் ஙாங் ஸோங்'. முட்டுக் கொடுத்துக்கொண்டு, விறைப்பாக, மேலே ஏறு. அந்தக் காலத்தில் கான்டன் பக்கம் படகுத்துறையில் மூட்டை தூக்கியவர்கள், கல் உடைத்தவர்கள் சேர்ந்து குரல் கொடுத்த சொல் என்று சொல்வார்கள், நம் ஐலசா மாதிரி. இன்றைக்குத் துறைமுகத்தில் கிரேன்தான் தூக்குகிறது, சொல் மட்டும் அலுவலகத்துக்கு வந்துவிட்டது.

2018 செப்டம்பர் 16 ஞாயிற்றுக்கிழமை மாங்குட் சூறாவளி வந்து பத்தாம் எண் எச்சரிக்கை ஏற்றினார்கள், இந்த ஊரில் அதற்கு மேல் எண் கிடையாது. மறுநாள் திங்கள். பள்ளிகளுக்கு விடுமுறை, சாலை முழுக்க மரங்கள் விழுந்து கிடந்ததால் பஸ் பெரும்பாலும் இல்லை, ரயிலும் பாதிப் பாதையில்தான். அலுவலகங்களுக்கு விடுமுறை அறிவிக்கவில்லை, முதலாளிகள் விட்டுக்கொடுத்து நடந்துகொள்ளுங்கள் என்று அரசு கேட்டுக்கொண்டதோடு சரி. நான் அப்போது ஷா டின் பக்கம் குடியிருந்தேன். டை வாய் ஸ்டேஷனில் பிளாட்பாரம் நிறைந்து, படிக்கட்டு நிறைந்து, வெளியே நடைபாலம் வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். யாரும் தள்ளவில்லை. ஒவ்வொரு ரயிலுக்கும் வரிசை ஒரு அடி நகரும், எல்லோரும் போனில் ஆபீஸ் குரூப்புக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் இருந்த ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், கையில் சாப்பாட்டுப் பை, வாய்ஸ் மெசேஜில் தன் சூப்பர்வைசரிடம் 'வந்துகொண்டிருக்கிறேன், இன்னும் டை வாய் தான்' என்று சாதாரணமாகச் சொல்லி முடித்துவிட்டு, போனை இறக்கிவிட்டு, யாரிடமும் இல்லாமல் 'டிங் ஙாங் ஸோங் லா' என்றார். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பையன் 'ஹய் லோ' என்றான், ஆமாம் பின்னே என்று. அவ்வளவுதான் பேச்சு. அந்த இரண்டு வார்த்தைக்குப் பிறகு அந்த இடத்தில் மூச்சுவிடுவது கொஞ்சம் லேசாக இருந்தது என்பதை நான் நின்று பார்த்தேன்.

அடுத்தது யன். இதயத்தின் மேல் கத்தி முனை இருப்பதாக அதன் எழுத்தை எழுதுவார்கள், சுவரில் மாட்டும் எழுத்தோவியங்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். கோபத்தையோ அழுகையையோ வலியையோ உள்ளேயே அடக்குவது யன். தும்மலை அடக்குவதும் யன்தான். 'யன் ம் ஜ்யூ' என்றால் அடக்க முடியாமல் வெளியே வந்துவிட்டது. ஒரு கணம் பொறுத்தால் காற்றும் அலையும் அடங்கும், ஓரடி பின்வாங்கினால் கடலும் வானமும் விரியும் என்று இதை வைத்து ஒரு பெரிய வாசகமே இருக்கிறது, பெரியவர்கள் சண்டையை விலக்கும்போது முதல் பாதியைச் சொன்னால் போதும், மீதி எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு இந்தச் சொல்லின் மேல் மரியாதை உண்டு, ஆனால் மற்றவருக்கு இதை அறிவுரையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடு கிடையாது. 'யன் ஹா லா', கொஞ்சம் பொறுத்துக்கோ என்று நம்மைவிடச் சம்பளம் குறைந்தவரிடம், நம்மைவிட அதிகமாக அடிபட்டவரிடம் சொல்வது எளிது. கேட்கிறவருக்கு அது 'உன் வாயை மூடு' என்றுதான் போய்ச் சேரும். பேசாமல் எல்லாவற்றையும் விழுங்குவதற்கு 'ஆ யன்' என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள், ஊமையாகப் பொறுப்பது. அதோடு ஒரு சொலவடையும் உண்டு: ஊமைப் பையன் வோங் லின் தின்ற கதை, கசப்பு அவனுக்கு மட்டும்தான் தெரியும். வோங் லின் என்பது சீன வைத்தியத்தில் வரும் ஒரு வேர், கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. சொல்லும்போது முதல் பாதியை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார்கள். யாராவது 'ஆ ஜய் சிக் வோங் லின்' என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினால், அவருக்கு வெளியே சொல்ல முடியாத ஒரு அநியாயம் நடந்திருக்கிறது. அங்கே என்ன, ஏது என்று எல்லோர் முன்னாலும் தோண்டாதீர்கள். டீ குடிக்கத் தனியாகக் கூப்பிடுங்கள்.

சிக் என்றால் சாப்பிடு. இந்த ஊரில் பொறுத்துக்கொள்வதில் ஒரு பெரும் பங்கு வாய்வழியாகத்தான் நடக்கிறது. வேலை செய்து பிழைப்பதே 'வன் சிக்', சாப்பாடு தேடுவது. வேறு வழியில்லாமல் ஒரு நஷ்டத்தை ஏற்பது 'ஙாங் சிக்', கடினமானதை அப்படியே விழுங்குவது. கருவாடு தின்றால் தாகத்தையும் தாங்கத்தான் வேண்டும் என்பது 'சிக் டக் ஹாம் யூ, டய் டக் ஹோட்'. நீயாக விரும்பி எடுத்த முடிவென்றால் அதன் பின்விளைவுக்குப் புலம்பாதே என்று. இதை மற்றவரைப் பார்த்துச் சொன்னால் குத்தல், தன்னைப் பற்றிச் சொன்னால் கம்பீரம். தன்னைப் பற்றி மட்டும் சொல்லப் பழகுங்கள்.

அப்புறம் 'சிக் செய் மாவ்', செத்த பூனையைத் தின்பது. அடுத்தவன் செய்த தப்புக்குப் பழியை ஏற்பது. எங்கள் தொழிலில் இது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். 2016 ஜூலை 1 முதல் கப்பலில் ஏற்றும் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் சரிபார்த்த மொத்த எடையை முன்கூட்டியே கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் ஏற்றமாட்டார்கள். எடையைத் தருவது சரக்கு அனுப்புகிறவரின் பொறுப்பு. ஒரு தடவை வாடிக்கையாளர் ஒருவர் பழைய லோடின் எடையையே மறுபடி அனுப்பிவிட்டார், முனையத்தில் நிறுத்திவிட்டார்கள், கப்பல் போய்விட்டது. வாடிக்கையாளரைக் கோபப்படுத்தக்கூடாது என்று, அந்த மெயிலை அப்படியே முன்னனுப்பிய எங்கள் ஜூனியர் பெண் கவனிக்கவில்லை என்று மன்னிப்புக் கடிதம் போனது. அவள் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் பேன்ட்ரியில் கப்பைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் 'சிக் ஜோ ஜெக் செய் மாவ்' என்றாள். ஒரு செத்த பூனையைத் தின்றாயிற்று.

இதில் நடைமுறைப் பாடம் இருக்கிறது. அந்தச் சொல் வந்தவுடன் இங்கே அனுபவசாலிகள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தேன். எங்கள் சீனியர் ஒருவர், சரக்குத் தொழிலில் தலை நரைத்தவர், ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. நேரே தன் மேசைக்குப் போய் அந்த மெயில் சங்கிலியை எடுத்து, எடை எந்தத் தேதியில் யாரிடமிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதி, உள் ஃபைலில் சேர்த்தார். வாடிக்கையாளருக்குப் போகவில்லை, எங்கள் பதிவில் மட்டும். ஆண்டு முடிவில் அவள் மதிப்பீடு வந்தபோது அந்த வரி அங்கே இருந்தது. பழியை முகம் கோணாமல் ஏற்க வேண்டிய நேரம் வரலாம், அது சம்பளத்தில் கை வைக்காதபடி எழுத்தில் ஒரு தடயம் விட்டுவையுங்கள். அன்றிலிருந்து நான் எடை வரும் ஒவ்வொரு மெயிலையும் தேதியோடு தனி ஃபோல்டரில் போடுகிறேன்.

இப்போது ஙாய். எனக்கு இந்த மொழியில் மிகவும் கனமான சொல் இதுதான். டிங் சில மணி நேரத்துக்கு, யன் ஒரு கணத்துக்கு, ஙாய் வருஷக்கணக்குக்கு. நாம் 'பாடுபட்டுக் காலம் தள்ளுவது' என்கிறோமே, அதுதான். உலகத்தோடு மல்லுக்கட்டிப் பிழைப்பது 'ஙாய் சய் காய்'. கழுதை குதிரைக்குப் பிறந்த கோவேறு கழுதையாக உழைப்பது 'ஙாய் லொய் ஜய்'. நண்பனுக்காக நஷ்டம் தெரிந்தே ஒரு வேலையை எடுத்துச் செய்வது 'ஙாய் யீ ஹெய்'. அதிக வாடகை கட்டிக்கொண்டு இருப்பது 'ஙாய் க்வய் ஜோ', இது இந்த ஊரின் தேசிய வியாதி.

வந்த புதிதில் நான் ஷாம் ஷுய் போவில் ஒரு டோங் ஃபோங்கில் இருந்தேன். பழைய கட்டடத்தில் ஒரு வீட்டைத் தடுப்பு வைத்து நாலைந்தாகக் கூறுபோட்டு வாடகைக்கு விடும் அறை அது. 2021 கணக்குப்படி இப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறைகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள், ஆளுக்கு ஆறு சதுர மீட்டர் வாக்கில்தான் இடம். கழிப்பறைக்கு மேலேயே ஷவர், அதற்குப் பக்கத்திலேயே அடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு போ போ, அதாவது பாட்டி. பகலில் கடைகளில் இருந்து அட்டைப்பெட்டிகளைச் சேகரித்து, மிதித்துத் தட்டையாக்கி, தள்ளுவண்டியில் கட்டி எடைக்குப் போடுவார். எண்பது வயதுக்கு அருகில் இருக்கும், முதுகு வளைந்து வண்டியின் கைப்பிடி உயரத்துக்கு வந்துவிட்டது. கயிறு கட்டும் விதம் பார்க்க வேண்டும்: அட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, ஒரு முழங்காலால் அழுத்திக்கொண்டு, கயிற்றைப் பல்லில் கடித்து இழுத்து முடிச்சுப் போடுவார். மழை நாளில் படி வழுக்குமே என்று நான் கேட்டதற்கு 'ஙாய் குவான் கா லா' என்றார். ஙாய் பண்ணிப் பழகிவிட்டது.

அந்த வாக்கியத்தைக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று எனக்கு ரொம்ப நாள் யோசனை. பாராட்டினால் அவமதிப்பு, பரிதாபப்பட்டால் அதைவிட. உள்ளூர்க்காரர்கள் செய்வதைப் பார்த்தேன். 'சன் ஃபூ சாய்' என்கிறார்கள். உங்கள் பாடெல்லாம் எங்களுக்குத் தெரிகிறது, நன்றி என்கிற மாதிரி. வேலை முடித்துப் போகிற தபால்காரர், துப்புரவு ஆ ஜே (அக்கா), லாரி ஓட்டும் சீ ஃபூ (மாஸ்டர்), எல்லோருக்கும் சொல்லலாம், ஒருபோதும் தப்பாகாது. கான்டனீஸில் ஒரே ஒரு சொல்தான் கற்பேன் என்று நீங்கள் அடம்பிடித்தால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். அதைச் சொல்லிவிட்டு வண்டியின் மறுமுனையைப் பிடித்துப் படி இறக்கினால் இன்னும் நல்லது, பாட்டி ஒன்றும் மறுக்கவில்லை.

என் வயதுக்கு மேற்பட்டவர்கள் ஙாய் என்று சொல்லும்போது பெரும்பாலும் 2003 வரும். அந்த ஆண்டு சார்ஸ் தொற்றுநோயில் இந்த ஊரில் 299 பேர் இறந்தார்கள். அதற்கு முன்பே 1997-இல் உச்சத்தில் இருந்த வீட்டு விலை பாதிக்கும் கீழே சரிந்திருந்தது, வீட்டின் மதிப்பைவிடக் கடன் அதிகமாகிப் போனவர்கள் ஒரு லட்சம் குடும்பத்துக்கு மேல். எங்கள் சீனியர் அவர்களில் ஒருவர். 'சார்ஸை ஙாய் பண்ணித் தாண்டியவர்கள் நாங்கள்' என்று இளையவர்களிடம் அடிக்கடி சொல்வார். ஆனால் அதே ஆள், எங்கள் பையன் ஒருவன் தொடர்ந்து இரவு வேலை பார்த்தால் முதலில் சத்தம் போடுவதும் அவர்தான். 'ஙாய் யே' என்பது ராக்கண் விழிப்பது. ஙாய் யே பண்ணினால் உடம்பில் 'யிட் ஹெய்', சூடு ஏறும் என்பது இங்கே எல்லோர் நம்பிக்கையும், நம் வீட்டில் உடம்புச் சூடு என்று சொல்வதேதான், அதனால் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மூலிகை டீக்கடைக்குப் போய் 'யா செய் மெய்' என்ற இருபத்துநாலு சுவை கஷாயத்தை ஒரு கிண்ணம் வாங்கிக் குடிக்கச் சொல்வார்கள். பெயர் இருபத்துநாலு, வாயில் தெரிவது கசப்பு ஒன்றுதான்.

கன்டெய்னர் லாரி சீ ஃபூக்களிடம் வேறு ஒரு சொல்: 'சவ் திங் ஹவ் திங்'. கை நின்றால் வாய் நிற்கும். டிரிப் கணக்கில் சம்பளம், முனைய வாசலில் வரிசையில் நிற்கும் நேரத்துக்குப் பல சமயம் காசு இல்லை. ஹாங்காங்கில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 2011 மே மாதம்தான் வந்தது, மணிக்கு 28 ஹாங்காங் டாலரில் ஆரம்பித்து 2025 மே மாதம் 42.10 டாலருக்கு வந்தது. வேலை நேரத்துக்கு உச்சவரம்பு போட்டுப் பொதுவான சட்டம் இன்னும் இல்லை. இவர்கள் 'ஙாய்' என்று சொல்வதில் பாதி இயற்கை கொடுத்த கஷ்டம் அல்ல, யாரோ போட்ட ஏற்பாடு. அதனால் இந்தச் சொற்களை மனஉறுதியின் பெருமையாக மட்டும் எடுத்து மேடையில் பேசுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. சீ ஃபூக்களிடம் பேசும்போது பொறுமையைப் புகழாதீர்கள், உங்கள் பக்கத்துத் தாள்களை நேரத்துக்குத் தயார் செய்து கொடுங்கள், அவர் வரிசையில் நிற்கும் நேரம் குறையும்.

'டய் டக் நம்' என்று இன்னொன்று. தனக்குக் கொஞ்சம் நஷ்டமானாலும் கணக்குப் பார்க்காத ஆள் என்று பாராட்டு. உண்மையிலேயே நல்ல சொல், நண்பர்கள் சொன்னால் பெருமைப்படுங்கள். வேலை கொடுப்பவர் சொன்னால் மட்டும் கொஞ்சம் உஷாராக இருங்கள், அடுத்த வாக்கியத்தில் சனிக்கிழமை வரச் சொல்வார்.

வேலை போனவர்கள், கடை மூடியவர்கள் வாயில் வருவது 'மா செய் லொக் டெய் ஹாங்'. குதிரை செத்தால் இறங்கி நடக்க வேண்டியதுதான். கோவிட் காலத்தில் விமான நிறுவனத்தில் இருந்த ஒரு தெரிந்தவர் சாப்பாட்டு டெலிவரிக்குப் போனபோது இதைத்தான் சொன்னார், நிமிர்ந்து நின்று சொன்னார். இதற்கு நேர் எதிர் மனநிலையில் வருவது இன்னொரு சொலவடை, தலையில் முடி இருந்தால் எவன் சொட்டைப் புண்ணோடு திரிய ஆசைப்படுவான் என்பது. வேறு வழி இருந்திருந்தால் இதைச் செய்திருப்பேனா என்று அர்த்தம். முதலாவதைச் சொல்கிறவர் நடக்க ஆரம்பித்துவிட்டார், அவருக்கு வேலைத் தகவல், தெரிந்த ஆள் நம்பர் கொடுங்கள். இரண்டாவதைச் சொல்கிறவர் தன்னை நியாயப்படுத்த வேண்டிய இடத்தில் நிற்கிறார், அவரை யாரோ கேவலமாகப் பார்த்திருக்கிறார்கள். அவரிடம் 'ஜன் ஹய் நான் வய் நெய்', உங்களுக்கு இது எவ்வளவு சங்கடம் என்று புரிகிறது என்று சொன்னால் போதும், யோசனை எதுவும் வேண்டாம்.

கற்றுக்கொள்ள வழி கேட்டால், பாடப்புத்தகத்தில் இவை அதிகம் கிடைக்காது. செய்தித்தாளில் எழுதும் சீனம் வேறு, வாயில் பேசுவது வேறு. ஆபீஸ் வாட்ஸாப் குரூப்பில் பேசுகிற மாதிரியே எழுதுவார்கள், அதைக் காப்பி செய்து அகராதிச் செயலியில் போட்டுப் பாருங்கள். வாய்ஸ் மெசேஜை மெதுவாக ஓடவிட்டுத் திரும்பச் சொல்லிப் பாருங்கள். கடைசியில் வரும் ஒற்றை எழுத்து அசைகளை விடாதீர்கள். 'மோ பான் ஃபாட்', ஒன்றும் செய்வதற்கில்லை, என்பதோடு லா சேர்த்து இறக்கிச் சொன்னால் பெரும்பாலும் பேச்சு முடிந்தது. அதையே இழுத்துப் பெருமூச்சோடு லோ போட்டால் இன்னும் கொட்டுவதற்கு இருக்கிறது, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

டிங் ம் ஜ்யூ என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டிய கேள்வி 'சய் ம் சய் போங் சவ்?', கை கொடுக்கவா என்று. முதல் பதில் பெரும்பாலும் 'ம் சய் லா', வேண்டாம் என்றுதான் வரும். பொதுவாகக் கேட்டால் அப்படித்தான். ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், 'வெள்ளிக்கிழமை கப்பலுக்கான ஷிப்பிங் இன்ஸ்ட்ரக்ஷனை (கப்பல் நிறுவனத்துக்குக் கொடுக்கும் சரக்கு விவரத்தை) நான் போட்டுவிடட்டுமா' என்று. அப்படிக் கேட்டபோது எங்கள் ஆபீஸில் இதுவரை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை, ஃபைலை உடனே என் பக்கம் தள்ளிவிடுவார்கள்.